திருத்துவதைப் பயணத்திலேயே தொடங்குங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நெல்லைக்கும் மதுரைக்கும் கிளம்புகிறவர்களின் கையில் இப்போது ஒரு கேமராவோ, நல்ல கேமரா உள்ள கைப்பேசியோ இருக்கிறது. ஊருக்குப் போய் வருவதற்குள் படங்கள் மலையாகக் குவிந்துவிடும். "வீட்டுக்கு வந்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவற்றை அப்படியே போட்டுவைப்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை இந்த முறை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே வந்திருக்கிறேன். எடுத்த படத்தை அன்று மாலையே திறந்து பாருங்கள், அன்றே திருத்திப் பழகுங்கள்.

காரணம் எளியது. படத்தில் இருக்கும் பொருள் அப்போது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு மாதம் கழித்துத் திருத்த உட்கார்ந்தால், அந்த மண் எவ்வளவு சிவப்பு, அந்த வானம் எவ்வளவு வெளிறியிருந்தது என்பதெல்லாம் மனதில் தேய்ந்துபோயிருக்கும். திரையில் எது பளிச்சென்று தெரிகிறதோ அதுவே சரி என்று கை இழுத்துக்கொண்டு போகும்.

கிளம்பும் முன் மாட்டுங்காவிலேயே பழகிப் பாருங்கள். விடியும் முன் அங்குள்ள ஒரு பூக்கடையில், கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, மல்லிகைச் சரத்தை எடுங்கள். விளக்கு சரத்தின் மேல் நேராக விழும். பின்னால் தெரு இன்னும் இருட்டாக இருக்கும். கேமரா அந்த இருட்டைப் பார்த்துவிட்டு மொத்த வெளிச்சத்தையும் கூட்டிவிடும். மாலையில் படத்தைப் பெரிதாக்கினால் மொட்டுக்கும் மொட்டுக்கும் இடையே பிரிவே தெரியாது. வெள்ளைக் காகிதத்தைக் கிழித்து ஒட்டியதுபோல இருக்கும். படத்தில் இருளும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம், வெளிச்சத்துக்கான வலது ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நிற்கும். இருண்ட பகுதியை ஓரளவு தூக்கிவிடலாம். வெளுத்துப்போன இதழை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, அங்கே பதிவான தகவலே இல்லை. மறுநாள் அதே கடையில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் ஒளியின் அளவை, ஒரு ஸ்டாப் குறைத்து, பாதியாக்கி எடுங்கள். காம்பின் பச்சையும், பூவைப் பிணைத்திருக்கும் நாரும் தெரிய வரும். முந்தைய மாலை திரைமுன் உட்கார்ந்திராவிட்டால் இது பிடிபட்டிருக்காது.

கேமரா பதிவு செய்ததைப் பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கும் ரா வசதி இருந்தால் அதிலேயே எடுங்கள். வழக்கமான ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்சப் படிகள்தான். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள். திருத்தும்போது அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். மென்பொருளுக்காகப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கணினியில் டார்க்டேபிள், கைப்பேசியில் ஸ்னாப்சீட், இரண்டும் இலவசம்.

இனி ரயில். மேற்குக் கரையோரக் கொங்கண் பாதை வழியாகப் போகும் வண்டியில் இடம் கிடைத்தால் ஜன்னலோரம் கேட்டு வாங்குங்கள். தண்டவாளத்தை ஒட்டிய மரங்கள் கலங்காமல் விழ, ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளிக்குத் திறந்திருக்கும் நேரம், ஆயிரத்தில் ஒரு நொடியாகவோ அதைவிடக் குறைவாகவோ இருக்க வேண்டும். தொலைவில் உள்ள மலைக்கு அவ்வளவு தேவையில்லை. ரத்னகிரி அருகே கார்புடே சுரங்கம் 6.5 கிலோமீட்டர் நீளம். அந்த இருட்டில் திரையில் வெளிச்சம் எதிரொளிக்காது. எடுத்த படங்களைப் பார்க்க அருமையான நேரம். வண்டி வெளியே வந்ததும் செம்மண்ணை ஒரு பார்வை, திரையை ஒரு பார்வை. உங்கள் படத்தில் மண் ஆரஞ்சாகத் தெரிந்தால் நிறச் சாயலைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை, நீலம் கூடும் குளிர்ச்சிப் பக்கம் கொஞ்சம் நகர்த்துங்கள். அதற்கு முன் கைப்பேசியின் இரவு ஒளி வசதியை நிறுத்திவிட வேண்டும். அது திரையையே மஞ்சளாக்கி உங்களை ஏமாற்றும்.

முகங்களைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கேமராவின் ஒளிமானி எதிரே உள்ளதை நடுத்தரச் சாம்பலாகக் கணக்கிட்டுக்கொள்ளும். சட்டகம் நிறைய ஒரு கருத்த முகம் இருந்தால் அதை வெளுக்க வைத்துவிடும். அதே முகம் பளீரென்ற ஜன்னலுக்கு முன் இருந்தால் கரிய நிழலாக்கிவிடும். போதாக்குறைக்குச் சில கைப்பேசிகளில் முகத்தை அழகாக்கும் வசதி, நாம் கேட்காமலே தோலை வெளுத்து, சுருக்கங்களைத் துடைத்துவிடுகிறது. படச்சுருள் காலத்திலும் இந்தக் கோளாறு இருந்தது. கோடாக் நிறுவனம் புகைப்படம் அச்சிடும் கூடங்களுக்கு அனுப்பிய ஷெர்லி அட்டையில் வெள்ளைக்காரப் பெண்ணின் தோலே நிறத்துக்கு அளவுகோலாக இருந்தது. நம் பாட்டிகளின் நிறத்தை நாமே மாற்றி வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே முகத்தை அழகாக்கும் அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். எதிர் இருக்கையில் இருக்கும் பாட்டியிடம், "ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா, பாட்டி?" என்று கேட்டு எடுங்கள். திருத்தும்போது அவரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் முகத்தையும் திரையையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்துவரும்வரை வெளிச்சத்தையும் நிறத்தையும் சிறிது சிறிதாக நகர்த்துங்கள். அவர் இறங்கும் நிலையம் வருவதற்குள் படத்தை அவர் வீட்டாரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.