துருசு எங்கள் கையில் இருக்கிறது

நடுவர் ஐயா அவர்களே, எனக்கு முன் பேசிய அண்ணைமாரே, அக்காமாரே, வாசிகசாலை முற்றத்தில் பாய் விரித்து இருந்து கேட்டுக்கொண்டிருக்கிற அம்மாமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பின்னால் வந்து சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். "நெருக்கடியில் குடும்பத்தைக் கரைசேர்ப்பது சிக்கனமா, வருமானத்தைப் பெருக்குவதா?" நான் சிக்கனத்தின் பக்கம். எதிரணித் தலைவர் அண்ணை மூன்று கதை சொன்னார். ஏற்கெனவே ஒட்டிப்போன வயிற்றிடம் இன்னும் குறை என்று சொல்வது நியாயமா என்று கேட்டார். மிச்சம் பிடித்த காசு விலைவாசியில் கரைந்துபோகும் என்றார். உழைக்கத் தெரிந்தவன் எந்த நெருக்கடியிலும் எழும்பிவிடுவான் என்று முடித்தார். மூன்றுக்கும் நல்ல கைதட்டல். மூன்றுக்கும் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன்.

முதலாவதில் எனக்கும் அண்ணைக்கும் சண்டையே இல்லை. பிள்ளைக்குக் கொடுக்கிற முட்டையை நிறுத்துவதையும், அம்மாவின் பிரஷர் குளிசையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவதையும், இராச் சாப்பாட்டுக்குத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் படுப்பதையும் இந்த மேடையில் புகழ எனக்கு வாய் வராது. 2022இல் இலங்கைப் பொருளாதாரம் விழுந்தபோது வடக்கில் எங்கள் வன்னிப் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் அது நடந்தது. யாரோ கொழும்பில் இருந்து எடுத்த முடிவுகளுக்கு எங்கள் பிள்ளைகளின் உடம்பு விலை கொடுத்தது. வயிற்றில் கைவைக்கிற பேச்சு எங்கள் அணியில் ஒருவரிடமிருந்தும் வராது. நான் கைவைக்கச் சொல்கிற இடம் வேறு, அதற்குத்தான் வருகிறேன்.

அதற்கு முன் மூன்றாவதை எடுக்கிறேன், அதுதான் எனக்கு வலித்தது. உழைக்கத் தெரிந்தவன் எழும்பிவிடுவானாம். சரி, 2021 சித்திரை கடைசியில் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள், கார்த்திகையில்தான் தடை விலகியது, அதற்குள் காலபோகம், அதாவது மாரி மழையை நம்பிய பெரிய நெல் போகம், விதைத்தாகிவிட்டது. அந்தப் போகம் விளைச்சல் விழுந்தது. அடுத்த வருடம் கள்ளச் சந்தையில் ஒரு மூட்டை யூரியா 40,000 ரூபாய் வரைக்கும் போனது. இந்தியக் கடனில் வந்த யூரியாவை அரசாங்கம் 10,000 ரூபாய்க்குக் கொடுத்தபோது அதையே பெரிய நிவாரணம் என்று வாங்கிக்கொண்டு வந்தோம். அந்தப் போகத்தில் கடனாகிப்போன கமக்காரனுக்கு உழைக்கத் தெரியாதா? 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. முல்லைத்தீவுக் கரையில் படகைக் கரையேற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சோம்பேறிகளா? எரிபொருளை அளந்து கொடுக்க கியூஆர் அட்டை முறை வந்தபோது தொடக்கத்தில் ஓட்டோவுக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர். கிளிநொச்சி டிப்போச் சந்தியில் நின்று எவ்வளவுதான் உழைக்கத் தெரிந்திருந்தாலும் ஐந்து லீற்றரில் எத்தனை ஓட்டம் ஓடலாம்?

நெருக்கடி என்றாலே அதுதான். வருமானம் எங்கள் கையை விட்டுப் போகிற நேரம் அது. அந்த நேரத்தில் வந்து வருமானத்தைப் பெருக்கு என்று சொன்னால் எதை வைத்துப் பெருக்குவது?

அண்ணை இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவர், அதனால் அவரிடமே கேட்கிறேன். குளத்தில் தண்ணீர் குறைந்த வருடம் சிறுபோகத்துக்கு, கோடையில் குளத்துத் தண்ணீரில் விதைக்கிற அந்த நெல்லுக்கு, என்ன செய்வோம்? கமக்காரர் அமைப்புகள், நீர்ப்பாசனத் திணைக்களம், மாவட்டச் செயலாளர் எல்லாரும் இருந்து கூட்டம் வைப்பார்கள். இத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, இதற்கு இத்தனை ஏக்கர்தான் தாங்கும் என்று கணக்குப் பார்த்து, அந்த ஏக்கரைப் பங்கு பிரித்து விதைப்போம். அந்தக் கூட்டத்தில் யாராவது எழும்பி, "விதைப்பைக் குறைக்காதேயுங்கோ, தண்ணியைப் பெருக்குங்கோ" என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா அண்ணை? சொல்லமாட்டார்கள். மழை எங்கள் கையில் இல்லை, குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகான துருசு எங்கள் கையில் இருக்கிறது. வரவு வாய்க்காலுக்கு நாங்கள் அதிபதிகள் இல்லை, ஆனால் எந்தப் பக்கத்தால், எவ்வளவு, எந்தத் தேதியில் திறந்துவிடுவது என்பது எங்கள் முடிவு.

இனி, எங்கே கைவைக்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். அரிசி, பருப்பு, தேங்காய் விலை ஏறும்போது வீட்டுக்காரி ஏதோ செய்து சமாளிப்பாள். பருப்புக்குப் பதிலாக முருங்கையிலை, கோழிக்குப் பதிலாக ஒரு கருவாட்டுத் துண்டு, 2022இல் போலக் காஸ் சிலிண்டர் 4,860 ரூபாய் என்றால் பின்கொட்டிலில் விறகடுப்பு. இதெல்லாம் வளைந்து கொடுக்கிற செலவு. வளையாத செலவு ஒன்று இருக்கிறது: திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து திண்ணையில் இருக்கிறதே, அந்தக் கிழமைக் காசு, கிழமைக்குக் கிழமை கட்டுகிற நுண்கடன் தவணை. மழை பெய்தாலும் கட்டவேணும், பெய்யாவிட்டாலும் கட்டவேணும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் கட்டவேணும். லீசிங் காசும் அப்படித்தான். ஐந்து லீற்றர் பெற்றோலில் ஓடிய அந்த ஓட்டோக்காரருக்கு ஓட்டம் குறைந்தது, தவணை குறையவில்லை. நான் பார்த்த அளவில், எங்கள் பக்கத்தில் ஒரு குடும்பத்தை உடைத்தது அரிசி விலையை விட அதிகமாக இந்த வளையாத காசுதான்.

இந்தக் காசு எப்படி எங்கள் வீடுகளுக்குள் வந்தது? நடுவர் ஐயா இதைக் கவனமாகக் கேட்கவேணும், ஏனென்றால் எதிரணியின் பேச்சுத்தான் இதற்கு வாசற்படி. 2009இல் போர் முடிந்து மீளக்குடியேறி வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரன் காணாமல் போன பெண்களும், வீட்டுக்காரன் செத்துப்போன பெண்களும் தனியாகப் பிள்ளைகளோடு இருந்தார்கள். அப்போது நுண்கடன் கொம்பனிக்காரர் வீடு தேடி வந்து சொன்னது என்ன? "அக்கா, வருமானத்தைப் பெருக்குங்கோ." கோழி வளருங்கோ, தையல் மெசின் வாங்குங்கோ, சின்னக் கடை போடுங்கோ, ஐந்து பேர் குழுவாகச் சேர்ந்து கையெழுத்து வைத்தால் கடன் தருகிறோம் என்றார்கள். கோழிக்குஞ்சு முட்டையிட ஐந்து மாதம் வேணும், தவணையோ அடுத்த கிழமையே தொடங்கியது. அந்த ஐந்து மாதத் தவணையைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன், அதைக் கட்ட மூன்றாவது, ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேரும் அவள் வாசலில் போய் நிற்கவேண்டிய நிலைமை, அப்படியே ஊருக்குள் ஒருவரோடொருவர் முகம் பார்த்துக் கதைக்கமுடியாமல் போன கதை இங்கே இருக்கிற எத்தனையோ பேருக்குத் தெரியும். 2018இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஒருவர் இந்த நுண்கடன்களின் வட்டி வருடத்துக்கு 40 முதல் 220 சதவீதம் வரை போவதாகச் சொன்னார். அதே வருடம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைக் கடன்களை அரசாங்கமே பொறுப்பெடுக்க வேண்டி வந்தது. அந்தப் பெண்கள் ஊதாரிகள் என்று யாரும் சொல்லமுடியாது. வருமானத்தைப் பெருக்கப் போனவர்கள் அவர்கள்.

கோழி வளர்க்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடன் எடுக்காமல் நாலு கோழியில் தொடங்கி, முட்டையை அடைவைத்து, அரிசி குத்திய தவிட்டைப் போட்டு வளர்த்து, ஒரு வருடத்தில் முப்பது நாற்பதாக்கியவர்களும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். அந்த நாலு கோழிக்கான காசு எங்கிருந்து வந்தது? ஏதோ ஒரு செலவைத் தள்ளிவைத்து மிச்சம் பிடித்த காசு. எதிரணி சொல்கிற வருமானப் பெருக்கத்துக்கும் முதலைப் போட்டுக் கொடுத்தது எங்கள் அணிதான்.

இரண்டாவது வாதம் கெட்டியான வாதம், ஒத்துக்கொள்கிறேன். 2022 புரட்டாதியில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 70 சதவீதத்துக்குக் கிட்டப் போனது, உணவுப் பொருட்களுக்கு மட்டும் 95 சதவீதத்துக்குக் கிட்ட. வங்கிப் புத்தகத்தில் கிடந்த காசு அந்த வருடம் சாப்பாட்டுக் கணக்கில் ஏறக்குறையப் பாதியாகத் தேய்ந்தது என்பது உண்மைதான். ஆனால் வன்னியில் சேமிப்பு என்றால் எப்போதிருந்து வங்கிப் புத்தகம் ஆனது? பழைய வீடுகளில் நெல்லைக் கொட்டி வைக்கிற கொம்பறை இருந்தது. அடுத்த அறுவடை வரைக்கும் சாப்பாட்டு நெல்லையும் விதைநெல்லையும் ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சத்தைத்தான் விற்பார்கள். இன்றைக்கு என்ன நடக்கிறது? மாசி, பங்குனியில் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கும்போதே வரம்பில் வியாபாரியின் லொறி நிற்கிறது. காய்ந்தும் காயாத நெல்லை அப்படியே நிறுத்து ஏற்றிவிட்டு, புரட்டாதி வந்ததும் அதே கமக்காரன் கடையில் போய்க் கிலோக் கணக்கில் அரிசி வாங்குகிறான். நெல் மலிந்த நேரம் விற்று, அரிசி ஏறிய நேரம் வாங்குவது. ஏன் எல்லாவற்றையும் விற்றாய் என்று கேட்டுப் பாருங்கோ: உரக்கடைக் கடன், உழவுக் கூலிக் கடன், மனுசியின் தாலிக்கொடி அடகில். ஆக அந்த நெல்லை வீட்டில் வைக்கவிடாததும் அதே வளையாத காசுதான்.

2022இல் வீட்டுக்குள் பத்து மூட்டை நெல் வைத்திருந்தவர்களை யோசித்துப் பாருங்கோ. அரிசி விலை ஏற ஏற அவர்களுடைய சேமிப்பின் பெறுமதியும் ஏறியது. அவித்துக் காயவைத்து மில்லில் கொடுத்துக் குத்தி எடுத்தால் பிள்ளைகளின் கோப்பையில் சோறு இருந்தது, தவிடு கோழிக்குப் போனது. எந்தப் பணவீக்கத்தாலும் அந்தப் பத்து மூட்டையை ஐந்து மூட்டையாக்க முடியவில்லை.

வெளிநாட்டுக் காசுதான் காப்பாற்றியது என்று எதிரணி அக்கா ஒருவர் சொன்னார். அனுப்ப ஆள் உள்ள வீட்டை அது காப்பாற்றியது, மறுக்கவில்லை. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்குப் போனதால் அதே காசு இங்கே கூடுதலாகத் தெரிந்தது. அனுப்ப ஆள் இல்லாத வீட்டுக்கு அக்கா சொன்ன வழியில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. 1990இலிருந்து 2002 தொடக்கம் வரை இந்த மண் பொருளாதாரத் தடைக்குள் இருந்தது. இங்கே முன்வரிசையில் இருக்கிற அம்மம்மாமாருக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, சைக்கிள் வால்வில் திரியைக் கோர்த்து, கொஞ்ச மண்ணெண்ணெயில் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்கள் அவர்கள். பனம்பழத்தைக் கரைத்து உடுப்புத் தோய்த்தார்கள், டைனமோவைச் சுழற்றி வானொலியில் செய்தி கேட்டார்கள், ஒடியல் மாவில் பிட்டும் கூழும் செய்து வயிற்றை நிரப்பினார்கள். அந்தக் காலம் திரும்ப வரட்டும் என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். மருந்தில்லாமல் போன உயிர்களை மறந்துவிட்டு அதைப் பொற்காலம் என்று பேசுவது எனக்குப் பிடிக்காது. ஆனால் வருமானம் என்ற கதவு முழுதாக அடைத்திருந்த அத்தனை வருடமும் இந்த ஊர்கள் எப்படி நின்றன என்று எதிரணி ஒரு நிமிடம் யோசிக்கவேணும்.

அப்புறம் ஒரு செலவு இருக்கிறது, அதைப் பற்றி இந்த மேடையில் பேசச் சிலருக்குத் தயக்கம், எனக்கு இல்லை. சாமத்தியவீடு. மண்டபம், பல்லக்கு, ட்ரோன் கமரா, மூன்று அல்பம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அடகுக் கடையில் நகையை வைத்து, போதாததற்கு வட்டிக்கும் எடுத்து, வெளிநாட்டில் இருக்கிற சொந்தம் வீடியோவில் பார்க்கவேணும் என்பதற்காகச் செய்கிறோம். ஒரு பொம்பிளைப் பிள்ளை பெரியவளானதற்கு அவளுடைய படிப்புக் காசையே செலவழிக்கிறோம். ஆனால் இதை ஒரு வீடு தனியாக நிறுத்தமுடியாது என்பதும் எனக்குத் தெரியும். நிறுத்தினால் "அவையளுக்கு வசதியில்லை" என்ற கதை வரும், பிள்ளை பள்ளிக்கூடத்தில் தலைகுனிவாள். அதனால்தான் சிறுபோகக் கூட்டத்தை முதலில் சொன்னேன். பக்கத்து வயல்காரன் முழுவதும் விதைக்க, நான் மட்டும் அரை ஏக்கர் விதைத்தால் எனக்கு அவமானம். எல்லாருமாகக் கூடி முடிவெடுத்துக் குறைத்தால் யாருக்கும் அவமானம் இல்லை. இந்த ஊரில் கோயில் சபை இருக்கிறது, மாதர் சங்கம் இருக்கிறது, இந்த வாசிகசாலை இருக்கிறது. சாமத்தியவீடு என்றால் வீட்டு முற்றத்தில், இத்தனை பேருக்கு, இவ்வளவுதான் என்று ஒரு தீர்மானம் எடுக்க எது தடை? நெருக்கடி வந்த பிறகு தனித்தனியாகப் பட்டினி கிடப்பதை விட, வருவதற்கு முன்னமே கூட்டாகக் குறைத்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் மட்டும் தாங்கோ ஐயா. எனக்குப் பின் எதிரணியிலிருந்து பேச வருகிற தம்பியிடம் ஒன்று கேட்கவேணும். மழை பொய்த்து, உரம் இல்லாமல், எண்ணெய் இல்லாமல், கூலிவேலையும் நின்றுபோன ஒரு வருடத்தில், கடன் வாங்காமல், நகை அடகு வைக்காமல், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுக்காமல் வருமானத்தைப் பெருக்க ஒரு வழி சொல்லுங்கோ தம்பி. அந்த வழிக்கு முதற்காசு எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. நன்றி, வணக்கம்.