அண்டார்டிகாவில் தொலைநோக்கியை எவ்வளவு உயரத்தில் வைக்க வேண்டும்?

[திரையில்: அண்டார்டிகா வரைபடம். தென்துருவம், டோம் சி, டோம் ஏ ஆகிய மூன்று புள்ளிகள்]

கடுங்குளிர், வறண்ட காற்று, மாதக்கணக்கில் நீளும் இரவு. வானியலுக்கு அண்டார்டிகாவை விட்டால் வேறு இடம் ஏது என்று தோன்றும். ஆனால் தென்துருவத்தில் அளந்து பார்த்தபோது, நட்சத்திரங்களின் பிம்பம் கலங்கலாகத்தான் கிடைத்தது.

காரணம், தரையை ஒட்டிய காற்று. பனிப்பரப்பு வெப்பத்தை இழந்து, மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. அதன்மேல் படியும் குளிர்காற்று கனமானது. சரிவு கிடைத்தால் வழிந்து ஓடும், மேலடுக்கோடு உரசிக் கொந்தளிக்கும். தென்துருவம் சரிவில்தான் இருக்கிறது. அங்கே அந்தக் கொந்தளிப்பு 200 மீட்டருக்கும் மேல் எழும்.

சரி, சரிவே இல்லாத பனிமேட்டு உச்சிக்குப் போனால்?

[திரையில்: டோம் சி, சுமார் 3,200 மீட்டர்]

2004 குளிர்காலத்தில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகக் குழுவின் தானியங்கிக் கருவிகள் இங்கே அளந்தன. நட்சத்திரப் பிம்பத்தின் அகலம் 0.27 ஆர்க்செகண்ட். ஆர்க்செகண்ட் என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு. எண் சிறியதானால் பிம்பம் கூர்மை. சிலியின் சிறந்த மலைகளிலேயே 0.6, 0.7 என்றுதான் வரும். அதனால் வானியலாளர்கள் பரவசப்பட்டதில் வியப்பில்லை. ஆனால் அந்த எண் தரையிலிருந்து 30 மீட்டருக்கு மேலே உள்ள காற்றுக்கு மட்டும்தான். பிறகு டோம் சி-யிலேயே உள்ள கான்கார்டியா ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்கியவர்கள் பனிக்கு அருகே அளந்தபோது 1 ஆர்க்செகண்டைத் தாண்டியது.

[திரையில்: இரண்டு துளைகள் கொண்ட மூடியுடன் சிறிய தொலைநோக்கி]

பிம்பம் எவ்வளவு கலங்குகிறது என்பதை அளக்கும் டிம் என்ற கருவி அருமையான யோசனை. தொலைநோக்கியின் வாயை மூடி, இரண்டு துளைகள் மட்டும் விடுவார்கள். ஒரே நட்சத்திரத்துக்கு இரண்டு பிம்பங்கள் விழும். தாங்கி ஆடினால் இரண்டும் சேர்ந்தே நகரும். அதைக் கணக்கில் எடுப்பதில்லை. பிம்பங்களுக்கு இடையிலான தூரம் மாறினால், அது காற்றின் வேலை. பனியின்மேல் நிற்கும் கோபுரம் ஆடாமல் இருக்காது என்பதால், இங்கே இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரிந்து இல்லை. பெரிய தொல்லை கண்ணாடியில் படியும் உறைபனிதான். சூடாக்கினால் பனி போகும், ஆனால் அந்தச் சூடே பிம்பத்தைக் கலக்கும்.

[திரையில்: டோம் ஏ, 4,093 மீட்டர்]

2019-இல் சீன வானியலாளர்கள் டோம் ஏ-வில் 8 மீட்டர் கோபுரத்தின்மேல் டிம் கருவியை வைத்தார்கள். குளிர்காலத்தில் அங்கே ஆளே கிடையாது. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு நேரம், கொந்தளிப்பு கருவிக்குக் கீழேயே அடங்கிக் கிடந்தது. அப்போது கிடைத்த இடைநிலை அளவு 0.31 ஆர்க்செகண்ட். எல்லா நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், கொந்தளிக்கும் அடுக்கின் இடைநிலைத் தடிமன் சுமார் 14 மீட்டர்தான்.

பெரிய தொலைநோக்கியை ஆடாமல் 30 மீட்டர் உயரத்தில் நிறுத்துவது மிகக் கடினம். 14 மீட்டர் என்றால் பொறியாளர்கள் தயங்காமல் வரைபடம் போடத் தொடங்கலாம்.