16 மில்லி விநாடிக்குள் இருவர் வேலை

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் விளையாடுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, விளையாட்டு வேகமாக ஓட கணக்குகளைச் செய்யும் நல்ல செயலி (சிபியு) முக்கியமா, படத்தை வரையும் நல்ல கிராபிக்ஸ் கார்டு முக்கியமா என்பதுதான். கேள்வியிலேயே சிறு பிழை இருக்கிறது. திரையில் தோன்றும் ஒவ்வொரு படத்திலும் இவை இரண்டின் உழைப்பும் உண்டு. அதிலும் செயலி தன் பங்கை முடித்துக் கொடுத்தால்தான் அந்தப் படத்தில் கார்டு கைவைக்க முடியும்.

அடுத்தடுத்து வரும் அசையாப் படங்களே நம் கண்ணுக்கு அசைவாகத் தெரிகின்றன. அவற்றுள் ஒவ்வொன்றும் ஒரு ஃபிரேம். விநாடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ 16.7 மில்லி விநாடி. 144 ஃபிரேம் வேண்டுமென்றால் 7 மில்லி விநாடிக்கும் குறைவு. எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது, எதிரி எந்தப் பக்கம் திரும்பினான், எறிந்த கல் எங்கே போய் விழும் என்பவற்றையெல்லாம் செயலி கணக்கிட்டு, எந்தப் பொருளை எங்கே வரைய வேண்டும் என்ற கட்டளைகளைத் தொகுத்து அனுப்புகிறது. கார்டு அவற்றைப் பெற்று, முக்கோணங்களால் ஆன உருவங்களைத் திரைக்கு ஏற்றவாறு நிறுத்தி, திரையின் சிறு புள்ளியான ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறமும் நிழலும் தீட்டுகிறது. அது தீட்டிக்கொண்டிருக்கும்போதே செயலி அடுத்த ஃபிரேமின் கணக்கில் இறங்கிவிடும். ஆகவே, செயலிக்கு 12 மில்லி விநாடியும் கார்டுக்கு 8 மில்லி விநாடியும் ஆகின்றன என்றால், 12 மில்லி விநாடிக்கு ஒன்றாகத்தான் ஃபிரேம்கள் வந்து சேரும். 8-ஐ 4 ஆக்கும் கார்டைப் பொருத்தினாலும் அந்த 12 அசையாது.

அப்படி ஒரு கார்டை வாங்கிப் பொருத்தியவன்தான் நானும். நகரம் கட்டும் விளையாட்டு ஒன்றில் மக்கள்தொகை பெருகப் பெருக ஆட்டம் தளர்ந்துகொண்டே வந்தது. புதிய கார்டு வந்த பிறகும் அதே தளர்ச்சி. கணினியின் உழைப்பைக் காட்டும் டாஸ்க் மேனேஜரில் செயலியின் பயன்பாடு 30 விழுக்காட்டைத் தாண்டாததால் அதன்மீது எனக்குச் சந்தேகமே எழவில்லை. செயலிக்குள் இருக்கும் கணக்கீட்டு அலகுகளான கோர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான், ஒரே ஒரு கோர் மூச்சுமுட்ட உழைத்துக்கொண்டிருக்க, மற்றவை பெரும்பாலும் சும்மா கிடப்பது தெரிந்தது. ஒரு கணக்கின் விடை வந்த பிறகே அடுத்த கணக்கைத் தொடங்க முடியும் என்ற நிலையில், எத்தனை கோர் இருந்தாலும் வேலையைப் பங்கிட வழியில்லை. கார்டின் நிலை வேறு: ஒரு பிக்சல் பெரும்பாலும் இன்னொரு பிக்சலுக்காகக் காத்திருப்பதில்லை என்பதால், அதனுள் இருக்கும் ஆயிரக்கணக்கான சிறு கணக்கீட்டு அலகுகள் ஒரே நேரத்தில் இயங்குகின்றன.

யார் காத்திருக்க வைக்கிறார் என்பதைக் காசு செலவில்லாமல் கண்டுபிடிக்கலாம். 1920-க்கு 1080 என்ற ரெசல்யூஷனில், அதாவது படத்தின் பிக்சல் அளவில், ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல்கள் இருக்கின்றன; 3840-க்கு 2160 என்றால் சரியாக அதைப்போல் 4 மடங்கு. கார்டின் சுமை இதனால் பெருமளவு ஏறும். செயலியின் கணக்கோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே, ரெசல்யூஷனைக் குறைத்ததும் ஃபிரேம் எண்ணிக்கை உயர்ந்தால் தடை கார்டில் இருக்கிறது. அசையாமல் நின்றால் பெரும்பாலும் செயலியில். கூட்டத்தின் அடர்த்தி, பார்வைத் தொலைவு போன்ற அமைப்புகள் மட்டும் செயலியின் தலையிலும் சுமையை ஏற்றும்.

இந்த வேலைப் பிரிவினை எக்காலத்துக்கும் உறுதியானதன்று. 1999-இல் வெளிவந்த ஜீஃபோர்ஸ் 256 என்ற கிராபிக்ஸ் சில்லு, அதுவரை செயலி செய்துவந்த உருவமாற்றக் கணக்கையும் ஒளிக் கணக்கையும் கார்டுக்குள் கொண்டுவந்தது. விளையாட்டுக்கும் கார்டுக்கும் இடையே நிற்கும் மென்பொருள் இடைமுகங்களான டைரக்ட்எக்ஸ் 12 2015-இலும், வல்கன் 2016-இலும் வந்து, கட்டளை அனுப்பும் செலவைக் குறைத்து, அந்த வேலையைப் பல கோர்களுக்குப் பங்கிட வழிசெய்தன. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி என்ற செயலி. அதன் கடிகார வேகம் உடன்பிறப்பான 5800எக்ஸை விடக் குறைவு. ஆனால் செயலிக்குள்ளேயே தரவை வைத்திருக்கும் மூன்றாம் நிலை கேஷ் நினைவகம் 32 மெகாபைட்டிலிருந்து 96 மெகாபைட்டாக உயர்ந்திருந்தது. பல விளையாட்டுகளில் அதுவே முந்தியது. ஏனெனில், தரவு வெளியே உள்ள முதன்மை நினைவகமான ராமிலிருந்து வந்து சேரும்வரை செயலி வெறுமனே காத்திருக்கும் நேரம் அதில் வெகுவாகக் குறைந்தது.

இப்போது, குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் போன்ற நுட்பங்கள் கார்டின் பாரத்தை இறக்குகின்றன. அதனாலேயே, மறைந்திருந்த செயலியின் தளர்ச்சி வெளியே தெரிந்துவிடுகிறது. இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே புதிதாக ஒன்றை உருவாக்கிச் செருகும் நுட்பமும் உண்டு. அந்த இடைச்செருகலுக்குப் பின்னால் செயலியின் கணக்கு எதுவும் இல்லை. ஆகவே, திரையின் மூலையில் ஓடும் ஃபிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆனால் பொத்தானை அழுத்தினால் கிடைக்கும் எதிர்வினை விரைவுபடாது.

என் நகர விளையாட்டை இன்றும் அதே பழைய செயலியில்தான் ஆடுகிறேன். நெரிசலான சந்திப்புக்கு வந்தால் 55-க்கும் 42-க்கும் இடையே தள்ளாடிய ஃபிரேம்களை 40 என்று கட்டிப்போட்டதும், ஒவ்வொன்றும் 25 மில்லி விநாடிக்கு ஒன்றாகச் சீராக வருகிறது; கண்ணை உறுத்திய திணறல் போய்விட்டது. புதிய கார்டின் விசிறி பெரும்பாலும் சுற்றுவதே இல்லை.

வணக்கம்.