மாம்பழம் தொட்டது விரல், 286 காட்டினது மீட்டர்!

மக்களே, வணக்கம்! வீட்டு சுகர் மீட்டர்ல 286. உடனே லேப்ல எடுத்தா 140. மெஷின் டுபாக்கூர்னு தூக்கிப் போடறதுக்கு முன்னாடி விரலை ஒருதரம் பாருங்க.

வண்ணாரப்பேட்டையில வாங்கின பங்கனப்பள்ளிய நறுக்கிட்டு, கையை முந்தானையில துடைச்சுட்டு, அப்படியே குத்தினா இது நடக்கலாம். இதுல இருக்கற கணக்கு எனக்கு ரொம்பப் பிடிக்கும், கேளுங்க. விரல்ல வர்ற சொட்டு ஒரு மைக்ரோலிட்டர்னு வெச்சுக்குவோம். அதுல சுகர் 100 கூடுதலாக் காட்ட எவ்வளவு குளுக்கோஸ் கலக்கணும்? ஒரே ஒரு மைக்ரோகிராம்! ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டா அதுல ஒண்ணு. கண்ணுக்கும் தெரியாது, பிசுபிசுன்னும் இருக்காது.

"நான்தான் ஸ்பிரிட் பஞ்சு வெச்சுத் துடைக்கறேனே!" பத்தாதுங்க. ஜப்பான்ல ஆரஞ்சு, திராட்சை, கிவி உரிச்ச விரலை வெச்சுச் சோதிச்சாங்க. ரத்தத்துல சுகர் ஏறவே இல்ல, மீட்டர் மட்டும் எகிறுச்சு. பஞ்சால அஞ்சு தடவை துடைச்சும் முழுசாப் போகல. குழாய்த் தண்ணில கழுவினாங்க, சரியாப் போச்சு. அதனால சோப்பு, தண்ணி, அப்புறம் நல்லா ஈரம் போகத் துடைக்கணும். ஈரம் இருந்தா ரத்தம் நீர்த்து, சுகர் குறைவாக் காட்டும்.

குத்தறது விரல் நுனியோட பக்கவாட்டுல. நடுவுல குத்தினா வலிதான் மிச்சம். ரத்தம் வரலைன்னா கையைத் தொங்கவிட்டு உதறுங்க. எலுமிச்சம்பழம் மாதிரி பிழியாதீங்க, தோலுக்கடியில இருக்கற திசுநீர் ரத்தத்தோட கலந்து கணக்கு தப்பிடும்.

மீட்டர்ல சொருகற ஸ்ட்ரிப் இருக்கற டப்பா மூடி எப்பவும் இறுக்கமா இருக்கணும். காசிமேட்டு உப்புக்காத்துல திறந்து கிடந்தா ஈரம் பிடிச்சு வீணாப் போயிடும். ஃபிரிட்ஜும் வேணாம்.

லேப்ல 150, மீட்டர்ல 165னா பதற வேணாம். 100க்கு மேல 15 சதவீதம் முன்னபின்ன இருக்கறதை உலகத் தர விதியே ஒத்துக்குது.

நேரம் காலம் இல்லாம குத்தறது காசுக்குக் கேடு. அத்தோ, அதான் நம்ம பர்மா நூடுல்ஸ், சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு, முதல் வாய் வெச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு எடுங்க. உங்க உடம்புல அத்தோ என்ன பண்ணுதுன்னு அப்பத்தான் பிடிபடும்.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் வீட்ல எல்லாருக்கும் அனுப்புங்க. சுகர் 70க்குக் கீழ இறங்கினா 15 கிராம் குளுக்கோஸ், அதாவது மூணு டீஸ்பூன் தூள், தண்ணில கரைச்சுக் குடிச்சுட்டு, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி பார்க்கணும். அந்தத் தூள் ஒட்டின விரலையே குத்தினா மீட்டர் 180ன்னு கூடக் காட்டலாம், உள்ள சுகர் இன்னும் 60லயே கிடக்கலாம். மயக்கமா வந்தாலும் சரி, பக்கத்துல இருக்கறவங்க, சுகர் இறங்கினவரோட விரலைக் கழுவிவிட்டுட்டுத்தான் குத்தணும்.