வந்தியத்தேவன் ஏன் நம்மவன் ஆனான்?

அவையோருக்கு வணக்கம்.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலைப் படித்தவர்களிடம் அந்தக் கதையில் உங்களுக்கு யாரைப் பிடிக்கும் என்று கேட்டுப் பாருங்கள். நாவலின் தலைப்பே, பின்னாளில் ராசராச சோழனான அருள்மொழிவர்மரின் சிறப்புப் பெயர். ஐந்து பாகங்களும் அவருக்கு முடி கிடைக்குமா என்ற கேள்வியைச் சுற்றித்தான் நகர்கின்றன. ஆனாலும் பெரும்பாலோர் வாயில் முதலில் வருவது வந்தியத்தேவன் பெயர். நாடில்லாத, படையில்லாத, மடியில் இரண்டு ஓலைகளை மட்டும் வைத்துக்கொண்டு களைத்த குதிரையில் வருகிற ஒரு வாலிபன், சக்கரவர்த்தியின் மகனைவிட நமக்கு நெருக்கமாகிவிடுகிறான். இது தற்செயலாக நடக்கவில்லை. கல்கி அதை எப்படிச் செய்தார் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் வரலாற்றில் அவன் எங்கே இருக்கிறான் என்று பார்ப்போம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் ராசராசனின் தமக்கை குந்தவையை 'வல்லவரையர் வந்தியத்தேவர் மகாதேவியார்' என்று, அதாவது அவன் மனைவி என்று, குறிக்கின்றன. அவனைப் பற்றி உறுதியாகக் கிடைப்பது இதற்கு மேல் மிகச் சொற்பம். அவன் எப்படிச் சிரித்தான், எந்தப் போரில் காயப்பட்டான், யாரோடு சண்டை போட்டான் என்று எந்தக் கல்லும் சொல்லவில்லை. நாவலாசிரியனுக்கு இந்த வெற்றிடம் பெரும் செல்வம். அருள்மொழியோ 985-இல் ராசராசனாக அரியணை ஏறப்போகிறவர். அவரைத் தடுமாற வைக்கலாம், சிறுமைப்படுத்த முடியாது. அவர் கால் இடறி விழுந்தால் வாசகர் ஏற்கமாட்டார். வந்தியத்தேவன் விழலாம், எழலாம், பொய் சொல்லலாம், மாட்டிக்கொள்ளலாம். வரலாறு அவன் கையைக் கட்டிப்போடவில்லை.

அறிமுகக் காட்சியைக் கவனியுங்கள். வீரனை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் எல்லோரும் போர்க்களத்தைத் தேடுவார்கள். மணிரத்னத்தின் படம் 2022-இல் வந்தபோது அதுவும் போரில்தான் தொடங்கியது. திரைக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். கல்கி தேர்ந்தெடுத்தது ஆடிப் பதினெட்டு. இடம் வீரநாராயண ஏரிக்கரை. எழுபத்து நான்கு கணவாய்கள், அதாவது மதகுகள், வழியாக வெள்ளம் பாய்கிறது. பெண்கள் பாடுகிறார்கள், பிள்ளைகள் ஓடுகிறார்கள், குடும்பங்கள் கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகின்றன. அந்த வாலிபன் இதையெல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு மெதுவாக வருகிறான்.

வேடிக்கை பார்ப்பது என்பதுதான் இங்கே முக்கியம். கதைக்குள் நுழையும் வாசகனும் அந்த நேரத்தில் வேடிக்கை பார்ப்பவனே. சோழ நாட்டு அரசியல் அவனுக்குத் தெரியாது. பழுவேட்டரையர் யார், பனைக்கொடி எதைக் குறிக்கிறது, சைவருக்கும் வைணவருக்கும் நடுவே ஆழ்வார்க்கடியான் ஏன் வாதாடுகிறான், ஒன்றும் தெரியாது. தொண்டை நாட்டிலிருந்து வருகிற வந்தியத்தேவனுக்கும் பாதிதான் தெரியும். ஆகவே அவன் கேட்கிற கேள்விகள் நம் கேள்விகள். ஏறத்தாழ முதல் 14 அத்தியாயங்கள் வரை கதை பெரும்பாலும் அவன் கண்ணை விட்டு விலகுவதில்லை. அதற்குள் நாம் அவனோடு பழகிவிடுகிறோம்.

அடுத்து அவனுக்கு இடப்பட்ட கட்டுப்பாடு. காஞ்சியிலிருந்து அனுப்பும்போது சக்கரவர்த்தியின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இரண்டு ஓலைகளைக் கொடுக்கிறான். ஒன்று சக்கரவர்த்தியிடம், மற்றொன்று குந்தவையிடம் நேரில் சேரவேண்டும். போகிற வழியில் நீயாக வலுச்சண்டைக்குப் போகக்கூடாது என்றும் எச்சரிக்கிறான். இந்த எச்சரிக்கைதான் கதையை ஓட்டும் எந்திரம். சண்டைக்காரனிடம் சண்டை போடாதே என்று சொல்லி அனுப்பினால் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு இழுபறி பிறக்கும். பழுவேட்டரையரின் ஆட்கள் அவன் குதிரையைச் சீண்டும்போது பொறுத்துக்கொள்கிறான். கடம்பூர் மாளிகை வாசலில் காவலர்கள் தடுக்கும்போது பொறுமை போய்விடுகிறது. பொறுப்பானா மாட்டானா என்று நாம் எதிர்பார்த்துக்கொண்டே இருக்கிறோம். குணத்துக்கும் கடமைக்கும் இடையே இப்படி ஓர் இழுவை இல்லாத நாயகன் எத்தனை வாள் வீசினாலும் அச்சில் உயிர் பெறமாட்டான்.

இப்போது முதல் பாகத்தின் 14-ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். 'ஆற்றங்கரை முதலை'. என்னைக் கேட்டால், வந்தியத்தேவன் நம்மவன் ஆகும் இடம் இதுதான். குடந்தை சோதிடர் வீட்டில் அடாவடியாக நுழைந்தபோது முகம் மட்டும் பார்த்த அந்தப் பெண்ணின் நினைவோடு அரிசிலாற்றங்கரையில் வருகிறான். 'முதலை! முதலை!' என்று பெண்களின் கூச்சல் கேட்கிறது. குதிரையை விரட்டுகிறான். கரையில் வாயைப் பிளந்துகொண்டு முதலை. குறி பார்த்து வேலை எறிகிறான். வேல் சரியாகப் பாய்கிறது. பெண்கள் கலகலவென்று சிரிக்கிறார்கள். அது செத்துப் பாடம் செய்து வைத்த முதலை!

இந்தக் காட்சியின் கட்டுமானத்தைப் பகுதி பகுதியாகப் பாருங்கள். அவனுடைய துணிவில் குறை இல்லை. குறி தப்பவில்லை. வேகத்திலும் பிழை இல்லை. தவறியது ஒன்றே ஒன்று: எறிவதற்கு முன் ஒரு கணம் நின்று பார்க்கவில்லை. அதாவது அவனுடைய நல்ல குணங்களே அவனை அவமானத்தில் கொண்டுபோய் நிறுத்துகின்றன. அதிலும் அவன் மனத்தைப் பறித்த பெண்ணின் கண்ணெதிரே. கோழையாக இருந்து அவமானப்பட்டிருந்தால் நாம் அவனை வெறுத்திருப்போம். வீரனாக இருந்து முதலையைக் கொன்றிருந்தால் தூரத்திலிருந்து கைதட்டியிருப்போம். இரண்டும் இல்லாமல் கல்கி மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தார். தான் நல்லது செய்யப்போய் அசடாக நின்ற ஒரு தருணம் இல்லாத வாசகர் யாராவது உண்டா?

இதை அவர் ஒருமுறையோடு விடவில்லை. கோடிக்கரையில் படகோட்டிப் பெண் பூங்குழலியைத் துரத்திக்கொண்டு ஓடிச் சேற்றுப் பள்ளத்தில் புதைகிறான். துரத்தப்பட்ட அவளே அவனைக் கரையேற்ற வேண்டியிருக்கிறது. இருட்டில் தோன்றி மறையும் கொள்ளிவாய்ப் பிசாசுகளைக் காட்டி அவைதான் தன் காதலர்கள் என்று அவள் சொல்லும்போது, போர்க்களத்தில் அஞ்சாதவன் நடுங்கிப்போகிறான். கடல் கடந்து இலங்கைக்குப் போவது அவள் துடுப்பு வலிக்கும் படகில். நிலத்தில் இவன் வீரன், நீரில் அவள் தயவில் இருப்பவன். வீரத்துக்கு ஓர் எல்லை வைத்து, அந்த எல்லைக்கு வெளியே அவனை அடிக்கடி அனுப்புவது ஆசிரியரின் வழக்கம்.

அவனிடம் ஒரு பெரிய ஆயுதம் உண்டு: நாக்கு. தஞ்சைக் கோட்டைக்குள் அவன் நுழைவது வாளால் இல்லை. பெரிய பழுவேட்டரையரின் மனைவி நந்தினி கொடுத்த பனை இலச்சினை மோதிரத்தாலும் வாய்ச் சாமர்த்தியத்தாலும் நுழைகிறான். ஆனால் பொய்க்கு விலை உண்டு என்பதையும் கல்கி மறப்பதில்லை. கோட்டைத் தலைவர் சின்னப் பழுவேட்டரையர் முன்னால் அவிழ்த்துவிட்ட கதை சில நாழிகைக்குள் அவன் கழுத்துக்கே வருகிறது. குந்தவைக்குக் கொண்டுபோக வேண்டிய ஓலையையும் கோட்டைக்குள் தவறவிட்டுவிடுகிறான். அதன் பிறகு அவன் ஓடுவதைப் படிக்கும்போது நம் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது. காரணம், அந்த ஆபத்து வானத்திலிருந்து விழவில்லை. அவனே இழுத்துவிட்டுக்கொண்டது. வெளியிலிருந்து வரும் ஆபத்தைப் பார்த்து நாம் பரிதாபப்படலாம். தானே வரவழைத்த ஆபத்தில்தான் 'ஐயோ, ஏனப்பா அப்படிச் செய்தாய்?' என்று உரிமையோடு கடிந்துகொள்ள முடியும்.

வெளியீட்டு முறையும் இதற்கு உதவியது. 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுகளுக்கு மேல், 293 அத்தியாயங்கள். அடுத்த இதழுக்கு 7 நாள் காத்திருக்க வேண்டும். வாரக் கடைசியில் வாசகரைப் பிடித்து நிறுத்த ஒரு சிக்கல் வேண்டும். அவசரக்காரனான நாயகன் இருந்தால் சிக்கலை வெளியே தேடவேண்டியதில்லை. ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் அவனுக்கு ஒரு முகத்தையும் தோரணையையும் கொடுத்துவிட்டன. மூன்றரை ஆண்டு வாரந்தோறும் வீட்டுக்கு வந்துபோகிறவன் கதாபாத்திரமாக மட்டும் இருக்க முடியுமா?

சிரிப்பும் சாகசமும் மட்டும் இருந்தால் அவனை ரசிப்போம், மதிக்கமாட்டோம். மதிப்பு எங்கே பிறக்கிறது என்றால், கந்தமாறன் விஷயத்தில். கடம்பூரில் நள்ளிரவில் நடக்கும் சதிக் கூட்டத்தை வந்தியத்தேவன் மறைந்திருந்து பார்க்கிறான். தன் உயிர்த்தோழன் அந்தக் கூட்டத்தில் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு தஞ்சையில் நிலவறைப் பாதையில் கந்தமாறன் முதுகில் குத்துப்பட்டு விழுகிறான். அந்த நேரத்தில் வந்தியத்தேவனுக்கு நல்லது எது? தப்பி ஓடுவது. அவன் செய்தது? காயப்பட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சேந்தன் அமுதன் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. கைம்மாறு என்ன? குத்தியவன் வந்தியத்தேவனே என்று கந்தமாறன் நம்புகிறான், ஊரெல்லாம் சொல்கிறான். முதல் பாகத்தின் 42-ஆம் அத்தியாயத் தலைப்பு 'நட்புக்கு அழகா?'.

இங்கே கல்கி செய்யாமல் விட்ட ஒன்றைப் பாருங்கள். வந்தியத்தேவனுக்கு நீண்ட தன்னிலை விளக்கம் கொடுத்து அவன் நல்லவன் என்று வாதாடவில்லை. நடந்தது வாசகருக்குத் தெரியும். கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில் நாம் அவனுக்குச் சாட்சியாக நிற்கிறோம். உண்மை தெரிந்தும் சொல்ல முடியாத சாட்சி. ஒரு பாத்திரத்தோடு வாசகரைப் பிணைக்க இதைவிட வலுவான கயிறு எனக்குத் தெரியவில்லை.

இதே முறையைக் கடைசிப் பாகத்தில் பல மடங்கு பெரிதாக்குகிறார். ஆதித்த கரிகாலனுக்கு ஆபத்து வராமல் பக்கத்தில் இருந்து காக்கவேண்டும் என்று குந்தவை அனுப்புகிறாள். கடம்பூர் மாளிகையில், கரிகாலன் உயிர் போகும் அந்த நேரத்தில், வந்தியத்தேவன் மிக அருகில்தான் இருக்கிறான். ஆனால் ஓர் இரும்புக் கை அவன் கழுத்தைப் பிடித்துவிடுகிறது. காக்க முடியவில்லை. கொலைப் பழி அவன் மேல் விழுகிறது. பாதாளச் சிறைக்குப் போகிறான். வரலாற்றில் அந்தக் கொலை உண்மை. காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடிக் கல்வெட்டு, கொன்றவர்களான சோமன், ரவிதாசன் முதலியோரின் நிலம் பற்றிப் பேசுகிறது. வந்தியத்தேவன் கதையில் முதன்முதலாக வந்து நின்ற வீரநாராயணபுரமும் அதே காட்டுமன்னார்கோயில்தான். கல்வெட்டு பழிகாரர்களைப் பெயர் சொல்லிக் காட்டுவது தெரிந்த வாசகருக்குக்கூட, நாவலுக்குள் பழி வந்தியத்தேவன் மேல் இருக்கும்வரை பதைப்பு அடங்குவதில்லை.

பெண்களோடு அவன் நடந்துகொள்ளும் விதத்தையும் சொல்லவேண்டும். திட்டம் தீட்டுவது பெரும்பாலும் குந்தவை, ஓடுவது அவன். தன்னைவிட அறிவில் மிக்க ஒரு பெண்ணின் கட்டளைக்குக் கீழ்ப்படிவதை அவன் இழிவாக நினைப்பதே இல்லை. 1950-இல் எழுதப்பட்ட வீரநாயகனிடம் இது எனக்கு மிகவும் பிடித்த குணம். நந்தினியின் அழகுக்கு முன் அவன் தடுமாறுகிறான், அதையும் ஆசிரியர் மறைக்கவில்லை.

எழுத விரும்பும் இளைஞர்கள் இங்கே பலர் இருப்பதால் ஒரு செய்தி. வந்தியத்தேவனைப் போல ஒருவனைப் படைக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அவனுடைய குறும்பை எடுத்துக்கொள்கிறார்கள், விலையை விட்டுவிடுகிறார்கள். நாயகன் வேடிக்கையாகப் பேசுவான், எல்லோரும் மயங்குவார்கள், எதிரிகள் முட்டாள்களாக இருப்பார்கள். ஐம்பது பக்கத்தில் அலுத்துவிடும். கல்கியின் எதிரிகளைப் பாருங்கள்: சின்னப் பழுவேட்டரையர் கூர்மையானவர், ரவிதாசன் பயங்கரமானவன், பெரிய பழுவேட்டரையர் அறுபத்து நான்கு விழுப்புண் சுமந்த மாவீரர். ஆழ்வார்க்கடியான் நண்பனா ஒற்றனா என்று புரியவே பல அத்தியாயங்கள் ஆகின்றன. இவர்களிடம் வாய் கொடுத்துத் தப்புவது எளிதில்லை என்பதால்தான் தப்பும்போது நமக்கு மூச்சு வருகிறது. உங்கள் கையெழுத்துப் பிரதியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாயகன் செய்த தவறுகளுக்கு மட்டும் சிவப்பு மையால் கோடிடுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால், அந்தத் தவறால் அவனுக்கோ அவனுக்கு வேண்டியவருக்கோ நேர்ந்தது என்ன என்று ஓரத்தில் எழுதுங்கள். ஓரம் வெறுமையாக இருக்கும் தவறுகளை அடித்துவிடலாம், அவை அலங்காரம்.

முடிவிலும் கல்கி அவனுக்கு வெற்றி விழா எடுக்கவில்லை. கடைசி அத்தியாயம் 'மலர் உதிர்ந்தது!'. அவனை ஒருதலையாக நேசித்த மணிமேகலை, கந்தமாறனின் தங்கை, அவன் மடியில் உயிர் விடுகிறாள். குந்தவையுடனான திருமணம் கதைக்குள் காட்சியாக வருவதில்லை. தொடர் முடிந்ததும் பாத்திரங்களின் பிற்கால வாழ்க்கை குறித்து வாசகர்கள் கேட்டார்கள்; கல்கி ஒரு முடிவுரை எழுதி, வரலாறு தந்த அளவில் பதில் சொன்னார். வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆயிற்றா என்ற கேள்விக்கான விடை அந்த முடிவுரையில்தான் இருக்கிறது. ஐந்து பாகம் படித்துவிட்டு அந்தச் சில பக்கங்களை விட்டுவிட்டவர்கள் இருந்தால், வீட்டுக்குப் போனதும் எடுத்துப் படியுங்கள்.