கச்சேரிக்கு நடுவே எங்கே சாப்பிடலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்துவிட்டால் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் மூன்றிலும் காலையிலிருந்து ராத்திரி வரை கச்சேரிதான். யார் எங்கே, எத்தனை மணிக்குப் பாடுகிறார் என்று எல்லோரும் பட்டியல் போட்டு வைத்துக்கொள்கிறோம். சாப்பாட்டை மட்டும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். அதனாலேயே நல்ல கச்சேரி பாதி போய்விடுகிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

முதலில் சபா கேன்டீன், அதாவது கச்சேரி நடத்துகிற சங்கீத சபாக்களின் வளாகத்திலேயே இருக்கிற சாப்பாட்டுக் கடை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சிலர் டிக்கெட் வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைத்து வாசலோடு நின்றுவிடுகிறார்கள். பொதுவாக அப்படி இல்லை. கச்சேரி கேட்காதவரும் போய்ச் சாப்பிடலாம். சாப்பாட்டுக்காகவே குடும்பத்தோடு வருகிறவர்கள் ஏராளம். சமைக்கிறவர்கள் கல்யாண வீடுகளில் கை பழகியவர்கள். அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர் என்ற பெயர்களெல்லாம் இந்த டிசம்பர் சீசனோடு ஒட்டிப்போனவை. தினம் ஒரு மெனு. காலையில் பொங்கலும் வடையும், மதியம் வாழையிலை போட்டுச் சாப்பாடு, சாயங்காலம் அடை அவியல், சேவை, ஏதாவது ஓர் அல்வா. வாழைப்பூ வடையைக் கண்டால் விடாதீர்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும்.

மதியச் சாப்பாட்டில்தான் ஒரு சிக்கல். ஒரு மணிக்குப் பந்தியில் உட்கார்ந்து, சாம்பார், மோர்க்குழம்பு, ரசம், பாயசம் என்று முடித்து எழுந்தால் இரண்டு மணிக் கச்சேரியில் கண் தானாகச் சொருகும். அந்த நேரத்தில் மேடையில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். ஒரு வருஷம் முழுக்கச் சாதகம் பண்ணிவிட்டு, கிடைத்த ஒன்றரை மணி நேரத்தில் ஒரு தோடி ராகமோ காம்போதி ராகமோ பாடிக் காட்ட வந்திருக்கிறார்கள். பல சபாக்களில் இந்தப் பகல் கச்சேரிகளுக்கு அனுமதியும் இலவசம். நாளைய பெரிய பாடகரை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது. அதனால் இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் முதல் பந்திக்கே போய்விடுங்கள். கூட்டமும் குறைவு, அரை மணி நடந்துவிட்டு வந்தால் தூக்கமும் வராது. தாமதமாகிவிட்டதா? ஒரு தயிர்சாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாயசம் நாளைக்கும் இருக்கும்.

சபாவுக்கு வெளியே என்றால் என் ஓட்டு மயிலாப்பூர் மாட வீதிகளுக்குத்தான். கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவனில் கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது பெரிய வசதி. பக்கத்திலேயே கற்பகாம்பாள் மெஸ், அங்கே கீரை வடை. கொஞ்சம் நடந்தால் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. பெயருக்கு ஏற்றபடி ஒரு வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பஜ்ஜியும் போண்டாவும் நீட்டுவார்கள், தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டியதுதான். அப்புறம் காளத்தி கடை ரோஸ் மில்க். பத்திரிகை விற்கிற சின்னக் கடை அது, ஆனால் வெயிலில் அலைந்துவிட்டு வருகிறவருக்கு அந்த ஒரு டம்ளர் போதும். அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸுக்குக் காலையிலேயே போங்கள். இடம் சிறியது, வரிசையில் நிற்க வேண்டும், சில மணி நேரந்தான் திறந்திருக்கும். இட்லியும் கெட்டிச் சட்னியும் காத்திருந்ததற்குக் குறை வைக்காது.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்ல வேண்டும். பெரிய கச்சேரியில் தனி ஆவர்த்தனம், அதாவது தாள வாத்தியக்காரர்கள் மட்டும் வாசிக்கிற பகுதி, ஆரம்பித்தவுடன் கூட்டம் எழுந்து கேன்டீனுக்குப் போகிறது. மிருதங்கக்காரரும் கடம் வாசிக்கிறவரும் இரண்டு மணி நேரம் பாட்டுக்காகவே வாசித்துவிட்டு, தங்களுக்கென்று கிடைக்கிற பத்துப் பதினைந்து நிமிஷம் அதுதான். கண்ணெதிரே நாற்காலிகள் காலியாவதைப் பார்த்துக்கொண்டே அவர்கள் வாசிக்கிறார்கள். எனக்கு அது ஒவ்வொரு வருஷமும் வலிக்கிறது. ஆறரை மணிக் கச்சேரி என்றால் ஐந்தரைக்கே டிஃபனும் காபியும் முடித்துவிட்டு உட்காருங்கள். பசி எழுப்பாது.

கச்சேரி முடிய ஒன்பது, ஒன்பதரை ஆகிவிடும். அந்நேரம் கேன்டீனில் அடுப்பை அணைக்கத் தொடங்கியிருப்பார்கள், மாட வீதிச் சிறு கடைகளும் மூடிக்கொண்டிருக்கும். பெரிய ஹோட்டல்களில் இடம் கிடைக்கும், ஆனால் நீங்கள் கேட்ட அதே கச்சேரியிலிருந்து வந்தவர்கள் அங்கேயும் வரிசையில் நிற்பார்கள். வயதானவர்களை அழைத்துக்கொண்டு வருகிறவர்கள், கச்சேரி தொடங்குவதற்கு முன்பே கேன்டீனில் இரண்டு இட்லி கட்டி வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது நல்லது.

நன்றி, வணக்கம்.