பரணில் கிடக்கும் கிட்டார்

நேயர்களுக்கு வணக்கம். கிட்டார் வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று பேசுமாறுதான் நிலையத்தார் என்னை முதலில் கேட்டார்கள். அதைச் சொல்லக் கடைக்காரர்கள் இருக்கிறார்கள், வாங்கிவிட்டு வாசிக்காமல் வைத்திருக்கும் கிட்டாரை விற்பதைப் பற்றிப் பேசுகிறேனே என்றேன், ஒப்புக்கொண்டார்கள். சென்னையில் நெடுங்காலமாகக் கிட்டார்களைப் பழுது பார்த்து வருபவன் என்பதால், விற்காமல் வைத்திருந்ததன் விளைவுகளெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வந்து சேருகின்றன.

எந்தக் கிட்டாரைச் சொல்கிறேன் என்பது உங்களுக்கே தெரியும். மகனோ மகளோ கல்லூரியில் சேர்ந்த ஆண்டில் ஆசையாகக் கேட்டு வாங்கியது. இரண்டு பாட்டு வரைக்கும் கை வந்தது. பிறகு படிப்பு, வேலை, வேற்றூர். கிட்டாரோடு ஒரு சிறிய ஆம்ப்ளிஃபயர், ஒலியை மாற்றிக் காட்டும் பெடல்கள் ஒன்றிரண்டு, ஒரு மைக், சில வீடுகளில் ஒரு கீபோர்டு. "இருந்துவிட்டுப் போகட்டும், பத்திரமாகத்தானே இருக்கிறது" என்று வீட்டில் சொல்வார்கள். அது பத்திரமாக இல்லை என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எஃகுக் கம்பி பூட்டிய கிட்டாரில் ஆறு கம்பிகளும் சுருதியில் நிற்கும்போது, அவற்றின் மொத்த இழுவை ஏறத்தாழ 70 கிலோ. அதாவது, வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த இழுவையைத் தாங்குவது ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் தடிமனே உள்ள மேற்பலகையும், அதில் பசையால் ஒட்டப்பட்ட பிரிட்ஜ் என்னும் மரத்துண்டும், கழுத்துப் பகுதியும்தான். கிட்டார் செய்பவர்கள் அதற்கு உகந்த ஈரப்பதமாக 45 முதல் 55 விழுக்காட்டைச் சொல்கிறார்கள். கடலோரத்தில் இருக்கும் நமக்கு ஆண்டின் பெரும்பகுதியும் அதற்கு மேல்தான். மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்புகிறது. கோடையில், மொட்டைமாடித் தளத்துக்கு நேர்கீழே இருக்கும் பரணில் வெந்து சுருங்குகிறது. வாசிக்கிறவர் கையில் இருந்தால் கம்பி சற்று உயர்ந்துவிட்டதே, சுருதி நிற்கவில்லையே என்று அந்த வாரமே தெரிந்துவிடும். பரணில் இருப்பதை யார் பார்ப்பது? பிரிட்ஜ் பின்பக்கமாகத் தூக்கிக்கொண்டு, அடியில் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்ட பிறகுதான் கண்ணில் படுகிறது.

கம்பிகளைத் தளர்த்தி வைத்துவிட்டால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். இழுவை குறையும், அது நல்லதே. ஆனால் ஈரமும் துருவும் கம்பியின் தளர்வைப் பார்த்து நிற்பதில்லை. பெடலுக்குள் மறந்துபோன 9 வோல்ட் பேட்டரி கசிந்து உள்ளிணைப்புகளை அரித்துவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரில் ஒலி கூட்டும் திருகுகளைத் திருகினால் கரகரவென்று சத்தம் வருகிறது. ஓராண்டுக்கு முன்பு நல்ல விலைக்குப் போயிருக்கக்கூடியது, இப்போது பழுதுச் செலவைக் கழித்தால் எதுவும் மிஞ்சாத நிலைக்கு வந்துவிடுகிறது.

பழசானால் மதிப்புக் கூடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நான் ஒரு கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. என் நண்பர்கள் பலமுறை கேட்டுச் சலித்துவிட்டார்கள். நீங்கள் முதல் முறை கேட்கிறீர்கள் என்ற துணிவில் சொல்கிறேன்.

1970-ஆம் ஆண்டு, புகழ்பெற்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக் கடை ஒன்றில் ஃபெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் பழைய எலெக்ட்ரிக் கிட்டார்களைப் பார்த்தார். அன்றைக்கு அவற்றுக்கு மவுசு குறைந்திருந்ததால் விலை மலிவு. ஆறு கிட்டார்களை ஒரேயடியாக வாங்கினார். இசைக்கலைஞர்களான தம் நண்பர்களில் ஒன்றை ஜார்ஜ் ஹாரிசனுக்கும், ஒன்றை பீட் டவுன்ஷெண்டுக்கும், ஒன்றை ஸ்டீவ் வின்வுட்டுக்கும் கொடுத்துவிட்டு, எஞ்சிய மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிறந்த பாகத்தை எடுத்து ஒரே கிட்டாராகச் சேர்த்தார். கறுப்பு நிறமானதால் அதற்கு 'பிளாக்கி' என்று பெயர். ஏறத்தாழ 1980-களின் நடுப்பகுதி வரை மேடையில் அவருடைய முதன்மைக் கிட்டார் அதுவே. 2004-இல் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் அது 9,59,500 டாலருக்குப் போனது. அந்தப் பணம் போதைப் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்காக அவர் ஆண்டிகுவா தீவில் நிறுவிய மையத்துக்குச் சென்றது. அதே மையத்துக்காக 1999-லும் தம்முடைய நூறு கிட்டார்களை அவர் ஏலம் விட்டிருந்தார்.

எல்லோரும் இந்தக் கதையில் ஏலத் தொகையைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, அந்தக் கிட்டார்கள் நாஷ்வில் கடைக்கு எப்படி வந்தன என்பதுதான் முக்கியம். 1950-களில் செய்யப்பட்ட அவற்றை யாரோ சிலர் வாங்கி, வாசித்து, பிறகு வாசிப்பதை விட்டு, விற்றிருக்கிறார்கள். அவர்களும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று எண்ணியிருந்தால் பிளாக்கி பிறந்திருக்காது. அதன் விலையை ஏற்றியது வயதன்று, அதை வாசித்த கை. பிங்க் ஃபிளாய்ட் என்னும் ராக் இசைக்குழுவின் டேவிட் கில்மர் 2019-இல் தம்முடைய 120-க்கும் மேற்பட்ட கிட்டார்களை விற்றபோதும் கதை இதுவே. ஏறத்தாழ 2 கோடியே 15 லட்சம் டாலர் சேர்ந்தது, காலநிலைப் பாதுகாப்புக்காக அதை அப்படியே கொடுத்துவிட்டார். நம் வீட்டுக் கிட்டார் பெரும்பாலும் ஒட்டுப்பலகையில் தொழிற்சாலை செய்தது. எத்தனை ஆண்டு கிடந்தாலும் அதன் விலை இறங்குமே தவிர ஏறாது.

மரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கிட்டார்களின் விரற்பலகை நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரத்தால், அதாவது தோதகத்தியால் ஆனது. அந்த மரக் குடும்பத்தின் பன்னாட்டு வணிகத்துக்கு 2017-இல் கடும் கட்டுப்பாடு வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-இல்தான் பெருமளவு விலக்குக் கிடைத்தது. இருக்கிற கிட்டார் கை மாறினால் புதிதாக ஒன்றுக்கு மரம் வெட்ட வேண்டிய தேவை அந்த அளவுக்குக் குறைகிறது.

சரி, விற்பதற்கு முன் என்ன செய்வது? புதுக் கம்பி மாற்றுங்கள். துருப்பிடித்த கம்பியோடு காட்டினால் நல்ல கிட்டாரும் மட்டமாகவே ஒலிக்கும். பிறகு நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். தடித்த கம்பியை முதல் கட்டத்தில் ஒரு விரலாலும், கழுத்து உடலோடு சேரும் இடத்தில் மற்றொரு விரலாலும் அழுத்திப் பிடித்தால், நடுவில் கம்பிக்குக் கீழே ஒரு முகவரி அட்டை நுழையும் அளவு இடைவெளிதான் இருக்க வேண்டும். அதிகம் என்றால் கழுத்து வளைந்திருக்கிறது. பெரும்பாலும் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரி செய்துவிடலாம். சரி செய்ய மனமில்லை என்றால் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், விலையைக் குறையுங்கள். கீறலையும் சொல்லுங்கள், மறைக்காமல் படம் எடுங்கள். முதல் கிட்டார் தேடும் மாணவருக்கு, கழுத்து நேராக இருந்து கம்பி தாழ்ந்திருக்கும் பழைய கிட்டார், அதே விலையில் கிடைக்கும் புதிய மட்டமான கிட்டாரைவிட எவ்வளவோ மேல். கம்பி உயர்ந்திருந்தால் விரல் நோகும், விரல் நொந்தால் பிள்ளை விட்டுவிடும். அக்கம்பக்கத்துக் கிட்டார் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். யாருக்குத் தேவை என்பது அவருக்குத் தெரியும்.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. கீபோர்டு பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன். இரண்டு செய்திகளோடு நிறுத்துகிறேன். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபயரோ கீபோர்டோ 120 வோல்ட்டில் மட்டும் ஓடுவதாக இருக்கலாம். பின்புறம் எழுதியிருப்பதைப் படித்து, வாங்குபவருக்குச் சொல்லிவிட்டுக் கொடுங்கள், நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். இணையத்தில் விளம்பரம் செய்தால், பார்க்காமலேயே வாங்கிக்கொள்கிறேன், முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணை அடியுங்கள் என்று ஒருவர் பேசக்கூடும். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை, தொலைபேசியை வைத்துவிடுங்கள். கிட்டாரை ஒப்படைக்கும்போது அதனோடு வந்த சிறிய ஆலன் சாவியைத் தேடி எடுத்து உறைக்குள் போட்டுக் கொடுங்கள்; கழுத்தை நேராக்க வாங்குபவருக்கு அது வேண்டும். நன்றி, வணக்கம்.